புது விசுவாசிகளுக்கு: உலகத்தின் நடுவே விசுவாசத்தைக் கலப்பில்லாமல் காத்துக்கொள்வது எப்படி?

ஞானஸ்நானம் எடுத்து சபைக்கு வர ஆரம்பித்ததும் மனதில் வரிசையாகக் கேள்விகள் எழும். வீட்டுச் சடங்கில் நான் நிற்கலாமா? பழைய நண்பர்கள் கூப்பிடும் இடத்துக்குப் போகலாமா? இந்தப் பாட்டைக் கேட்கலாமா, அந்த நாளைக் கொண்டாடலாமா? யாராவது 'இது சரி, இது தப்பு' என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றும்.

அப்படிப்பட்ட பட்டியல்கள் நிறையவே கிடைக்கும். ஆனால் ஒரு சபையின் பட்டியல் அடுத்த சபையின் பட்டியலோடு ஒத்துப்போகாது. பட்டியலில் இல்லாத ஒரு காரியம் எதிரே வந்து நின்றால் என்ன செய்வதென்றும் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பட்டியலை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவர் தன் விசுவாசம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். பண ஆசையும் மனிதர் பயமும் அவருக்குள் பழையபடியே இருக்கும். அதனால் இங்கே பட்டியல் தரப்போவதில்லை. ஒரு காரியத்தை எப்படி நிதானித்துப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். முதல் இரண்டு படிகளை விட்டுவிட்டு நேராக மூன்றாவதற்குப் போகாதீர்கள்.

படி 1: எதைக் காக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எதைக் காக்க வேண்டும் என்றே தெரியாதவர் எல்லாவற்றுக்கும் பயப்படுவார், அல்லது எதற்குமே பயப்பட மாட்டார். எனவே முதல் வேலை, சுவிசேஷம் என்ன என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்துகொள்வது. 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் அதைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறார்: கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார், சீஷர்களுக்குத் தரிசனமானார். அதையும், விசுவாசத்தைச் சுருக்கமாக அறிக்கையிடும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இயேசு யார்? அவர் எனக்காக என்ன செய்தார்? இப்போது என் வாழ்க்கை யாருக்குச் சொந்தம்? எழுத வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். போதகரிடமோ மூத்த விசுவாசி ஒருவரிடமோ உட்கார்ந்து கேளுங்கள்.

எழுதி முடித்ததும், அந்த அரைப் பக்கத்தில் எவையெல்லாம் வரவில்லை என்று கவனியுங்கள். உடை வரவில்லை. இசைக்கருவி வரவில்லை. ஆலயத்தின் வடிவம், ஆராதனை நேரம், பெயர் வைக்கும் முறை எதுவும் வரவில்லை. இவற்றில் பல நல்லவைதான், ஆனால் இவை சுவிசேஷம் இல்லை. ஒரு சபையின் பழக்கத்தைச் சுவிசேஷம் என்று நினைத்துக்கொண்டால், அந்தப் பழக்கத்தைப் பின்பற்றாத சகோதரனை அவிசுவாசி என்று எண்ணும் இடத்துக்கு வந்துவிடுவோம்.

இந்தப் பிரச்சினை ஆதித் திருச்சபைக்கே வந்தது. புறஜாதியார் இயேசுவை விசுவாசித்தபோது, அவர்கள் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டு யூதர்களைப் போல வாழ வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். சுமார் கி.பி. 49-இல் எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி இதை விசாரித்தார்கள். அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கிறிஸ்துவிடம் வர இன்னொரு ஜனத்தின் பழக்கவழக்கத்துக்குள் போகத் தேவையில்லை என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பைக் கடிதமாக எழுதிப் புறஜாதி விசுவாசிகளுக்கு அனுப்பினார்கள். அதே கடிதத்தில், விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றுக்கும் வேசித்தனத்துக்கும் விலகியிருங்கள் என்றும் எழுதினார்கள். விடுதலையும் எல்லையும் ஒரே கடிதத்தில் வந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

படி 2: ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

சுற்றியுள்ள உலகத்தின் தாக்கம் என்றதும் மற்ற மதங்களின் சிலைகளும் சடங்குகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை கண்ணுக்குத் தெரியும், எனவே அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வருவதைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். பொருளாசை விக்கிரக ஆராதனை என்று கொலோசெயர் 3:5 நேரடியாகவே சொல்கிறது.

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் இரவு இந்தக் கேள்விகளுக்கு ஓரிரு வரியில் பதில் எழுதுங்கள்.

- இன்று எது கிடைத்திருந்தால் 'இனி கவலையில்லை' என்று நினைத்திருப்பேன்?
- யாருடைய பேச்சுக்குப் பயந்து ஒன்றைச் செய்தேன், அல்லது செய்யாமல் விட்டேன்?
- போனில் அதிக நேரம் எதைப் பார்த்தேன்? பார்த்து முடித்தபோது யார்மேல் பொறாமையோ வெறுப்போ வந்தது?
- யாரை எனக்குக் கீழானவராக நடத்தினேன்?

வாரக் கடைசியில் ஏழு நாள் பதில்களையும் சேர்த்து வாசியுங்கள். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். சிலருக்கு அது பணம், சிலருக்கு உறவினர் மத்தியில் மரியாதை, சிலருக்குத் தன் உடலின் தோற்றம், சிலருக்குத் தன் இனத்தின் பெருமை. உங்கள் போராட்டம் எங்கே நடக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நீங்கள் முதலில் ஜெபத்தில் கொண்டுபோக வேண்டியது இதைத்தான். சடங்கில் நிற்பதா வேண்டாமா என்பது அப்புறம்.

படி 3: ஒரே பொருள், மூன்று சூழ்நிலைகள்

இப்போது நடைமுறைக்கு வருவோம். இந்த விஷயத்தில் வேதாகமத்தில் எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பாடம் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள மூன்று அதிகாரங்கள். கொரிந்து பட்டணத்தில் கோயில்கள் நிறைய. அங்கே பலியிட்ட இறைச்சியில் ஒரு பகுதி கடைக்கும் வரும். 'நாங்கள் அதைச் சாப்பிடலாமா?' என்பது விசுவாசிகளின் கேள்வி. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பவுல் பதில் சொல்லியிருக்கலாம். அவர் சூழ்நிலையைப் பிரித்துப் பார்க்கிறார்.

கோயிலுக்குள்ளேயே நடக்கும் பந்தி முதலாவது. அங்கே உட்கார வேண்டாம் என்கிறார். கர்த்தருடைய பாத்திரத்திலும் பேய்களுடைய பாத்திரத்திலும் ஒரே ஆள் பங்குபெற முடியாது. விக்கிரகம் ஒன்றுமில்லைதான், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பந்தி ஓர் ஆராதனை. அதில் உட்காருகிறவர் அந்த ஆராதனைக்குச் சம்மதம் சொல்கிறார்.

இரண்டாவது, கடையில் விற்கும் இறைச்சி. அதை வாங்கிச் சாப்பிடுங்கள், எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள் என்கிறார். காரணமும் தருகிறார்: பூமியும் அதிலுள்ள எல்லாமும் கர்த்தருடையது. உலகத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் தீட்டு என்ற பயத்தோடு வாழ வேண்டியதில்லை.

மூன்றாவது, அவிசுவாசியான ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார். போக மனமிருந்தால் போங்கள், முன்னால் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்கிறார். ஆனால் பக்கத்தில் ஒருவர், 'இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது' என்று சொன்னால் சாப்பிட வேண்டாம். ஏன்? இறைச்சி மாறவில்லை. அதைச் சொன்னவரின் மனச்சாட்சிதான் காரணம். இதைச் சாப்பிடுவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். நீங்கள் சாப்பிட்டால் அந்த அர்த்தத்தை நீங்களும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

மூன்று இடத்திலும் இறைச்சி ஒன்றுதான். யாருக்கு ஆராதனை நடக்கிறது, பொருளுக்கு எஜமான் யார், பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பவைதான் தீர்ப்பை மாற்றுகின்றன. உங்களுக்குப் புதிதாக ஒரு குழப்பம் வரும்போதெல்லாம் இந்த மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். பாதிக் குழப்பங்கள் முதல் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

ரோமர் 14-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். உணவிலும் நாட்களிலும் விசுவாசிகள் ஒருவருக்கொருவர் மாறுபட்ட முடிவுக்கு வரலாம் என்று பவுல் ஒத்துக்கொள்கிறார். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. புது விசுவாசிகள் தங்கள் மனச்சாட்சி அனுமதிக்காததை, மற்றவர் செய்கிறார் என்பதற்காகச் செய்ய வேண்டாம். சந்தேகத்தோடு செய்வது பாவம் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

படி 4: 'இது வெறும் பழக்கவழக்கம்தான்' என்று சொல்லும்போது

அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சில சமயம் உண்மையாகவே இருக்கும். பெரியவர்களுக்கு எழுந்து நிற்பது, விருந்தாளியை வாசலில் வந்து வரவேற்பது, இறந்தவரின் வீட்டுக்குப் போய் அழுகிறவர்களோடு உட்காருவது இவையெல்லாம் பழக்கவழக்கம்தான். விசுவாசி மற்றவர்களைவிட நன்றாகவே செய்ய வேண்டும். சில சமயம் அந்த வாக்கியம் ஒரு மூடியாக இருக்கும்.

கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில், ஜப்பானியரின் ஷிண்டோ மதக் கோயில்களில் எல்லோரும் வணங்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. 'இது மதம் இல்லை, தேசபக்திச் சடங்கு' என்பது அரசு சொன்ன விளக்கம். 1938-இல் போலீஸ் நெருக்கடியின் கீழ் கூடிய கொரிய பிரஸ்பிட்டேரியன் பொதுச்சபை அந்த விளக்கத்தை ஏற்றுத் தீர்மானம் போட்டது. ஜு கி சோல் என்ற போதகர் ஏற்க மறுத்தார். 1944-இல் பியோங்யாங் சிறையில் இறந்தார். தீர்மானம் போட்டவர்களும் வேதம் வாசித்தவர்கள்தான், ஜெபித்தவர்கள்தான். பயம் என்ன செய்யும் என்று அவர்களைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களைத் தாழ்வாகப் பேச நமக்கு இடமில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூதாதையருக்குச் செய்யும் மரியாதைச் சடங்குகள் ஆராதனையா, வெறும் மரியாதையா என்று சீனாவில் ஊழியம் செய்த கத்தோலிக்க மிஷனரிகள் நீண்ட காலம் வாதாடினார்கள். 1742-இல் ரோம், அதாவது போப்பின் தலைமை, அவற்றை உறுதியாகத் தடை செய்தது. மூதாதையரின் நினைவாக வைத்து மரியாதை செய்யும் பலகைகளை எரித்து, தாயின் மரணத்தின்போது அந்தச் சடங்குகளைச் செய்ய மறுத்ததற்காக 1791-இல் கொரியாவில் யுன் ஜி சுங் என்ற விசுவாசி தலை வெட்டப்பட்டு இறந்தார். 1939-இல் ரோம், இப்போது இவை பெரும்பாலும் சமூக மரியாதையாக மாறிவிட்டன என்று கருதி, தடையைத் தளர்த்தியது. சடங்கின் அர்த்தம் காலத்தோடு மாறலாம் என்பதை இது காட்டுகிறது. நூறு வருடத்துக்கு முன் அது என்னவாக இருந்தது என்பதைவிட, இன்று அதைச் செய்கிறவர்கள் என்ன நினைத்துச் செய்கிறார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

எப்படி விசாரிப்பது? இதைச் செய்யும்போது யாரிடம் பேசுகிறார்கள், யாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆசீர்வாதமோ பாதுகாப்போ மன்னிப்போ கர்த்தரைத் தவிர வேறொருவரிடம் கேட்கப்படுகிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படி இல்லை என்றால், அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதில் கலந்துகொள்ள முடியுமா என்று பாருங்கள். கடைசியாக, நான் இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். கொஞ்சம் வருத்தப்பட்டு விட்டுவிடுவார்களா, அல்லது சாபம் வரும், கெடுதல் நடக்கும் என்று பதறுவார்களா? அந்தப் பதற்றம் சடங்கின் உள்ளே இருப்பதை வெளியே காட்டிவிடும்.

படி 5: மறுக்க வேண்டிய இடத்தில் மரியாதையாக மறுப்பது

தானியேல் முதலாம் அதிகாரத்தைக் கையில் பென்சிலோடு வாசியுங்கள். நேபுகாத்நேச்சாரின் அரண்மனையில் அந்த நான்கு வாலிபர்களும் எதையெல்லாம் ஏற்றுக்கொண்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருடம் படித்தார்கள். பாபிலோனியப் பெயர்களை அவர்களுக்கு வைத்தபோது அதற்காகச் சண்டை போட்டதாக எழுதப்படவில்லை. ராஜாவின் அரசு வேலையைச் செய்தார்கள். ராஜாவின் போஜனத்தில் மட்டும் கோடு போட்டார்கள்.

எப்படிப் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தானியேல் முதலில் தன் இருதயத்தில் தீர்மானித்தான். அப்புறம் பிரதானியிடம் வேண்டிக்கொண்டான். அந்த அதிகாரி, 'ராஜாவுக்கு நான் பயப்படுகிறேன், என் தலை போய்விடும்' என்றார். தானியேல் அவரைத் திட்டவில்லை. தங்களைக் கவனித்துக்கொண்டவனிடம் போய், 'பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும். அப்புறம் உமக்குத் தோன்றுகிறபடி செய்யும்' என்று கேட்டான். எதிரில் இருப்பவரின் பயத்தைப் புரிந்துகொண்டு, அவருக்குக் கெடுதல் வராத ஒரு வழியைச் சேர்த்துச் சொன்னான். நாம் 'முடியாது' என்று சொல்லும்போது பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான்.

வீட்டில் இது எப்படி இருக்கும்? இறந்துபோன அப்பாவின் நினைவு நாள் வருகிறது. அம்மா சடங்குக்குக் கூப்பிடுகிறார். 'அதெல்லாம் பாவம்' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் அம்மாவுக்கு ஒன்றுதான் புரியும்: பிள்ளைக்கு அப்பாவின் நினைப்பே இல்லை. அந்த நாள் வரும் முன்பே, யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

"அம்மா, அப்பாவை நினைக்காத நாள் எனக்கு இல்லை. அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடுகிறேன், வருகிறவர்களைக் கவனிப்பது, சமையல், செலவு எல்லாம் என் பொறுப்பு. படத்துக்கு முன்னால் கும்பிட்டு வேண்டிக்கொள்வது மட்டும் என்னால் முடியாதும்மா. நான் இயேசுவைத் தவிர வேறு யாரிடமும் வேண்டிக்கொள்வதில்லை. அப்பாமேல் பாசம் குறைந்து இதைச் சொல்லவில்லை."

"ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்மா. நான் உங்கள் பக்கத்திலேயே நிற்பேன்."

முதல் வருடம் அம்மா அழலாம், கோபப்படலாம். சொன்னபடி காலையிலேயே போய் நில்லுங்கள். வேலையை இழுத்துப்போட்டுச் செய்யுங்கள். அடுத்த வருடம் பேச்சு இவ்வளவு கடினமாக இருக்காது.

வேலை செய்யும் இடத்திலும் இதேதான். கணக்கில் பொய் எண் போடச் சொன்னால், 'சார், இந்த எண்ணை என்னால் போட முடியாது. உண்மையான எண்ணையே வைத்து, ஏன் குறைந்தது என்று விளக்கம் எழுதித் தருகிறேன். இன்று சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறேன்' என்று சொல்லலாம். அதற்கும் விலை கொடுக்க வேண்டி வரலாம். தானியேலுக்குப் பத்து நாள் சோதனை நன்றாக முடிந்தது. அதே புத்தகத்தில் அவனுடைய நண்பர்கள் அக்கினிச் சூளைக்கும் போனார்கள், அவனே சிங்கக் கெபிக்கும் போனான். மரியாதையாகப் பேசினால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று யாராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

விசுவாசிக்காத கணவனோ மனைவியோ உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடக் கூடாது என்று 1 கொரிந்தியர் 7 சொல்கிறது. உங்கள் விசுவாசத்தின் பேரில் வீட்டில் தினமும் யுத்தம் நடத்தத் தேவையில்லை. சிரியாவின் படைத்தலைவன் நாகமான், கர்த்தரை மட்டுமே சேவிப்பேன் என்று சொன்ன கையோடு, தன் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது தன் கையில் சாய்ந்துகொள்வாரே, அப்போது தானும் பணிய வேண்டியிருக்கிறதே, அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்டான். எலிசா, 'சமாதானத்தோடே போ' என்றான். இதை எல்லாவற்றுக்கும் அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இக்கட்டான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் புது விசுவாசியிடம் தேவன் எவ்வளவு பொறுமையாக இருக்கிறார் என்று இதில் தெரிகிறது. இளம் விசுவாசிகளை அதட்டும் மூத்தவர்கள் 2 இராஜாக்கள் 5-ஐ இன்னொரு முறை வாசிப்பது நல்லது.

படி 6: நல்லதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள்

உங்கள் மொழி, இசை, கதை சொல்லும் விதம், கைத்தொழில், குடும்பப் பாசம் இவற்றைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பவுல் அத்தேனே பட்டணத்தில் கிரேக்கக் கவிஞர்களின் வரியைச் சொல்லியே சுவிசேஷத்துக்கு வந்தார். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் கொண்டுவந்த பொன்னைக் காட்டி, புறஜாதியாரின் கல்வியிலுள்ள உண்மையைக் கிறிஸ்தவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பழங்காலத் திருச்சபையின் போதகர் அகஸ்டின் எழுதினார். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அதே எகிப்தியப் பொன்னில் கர்த்தரை ஆராதிக்கும் ஆசரிப்புக் கூடாரமும் செய்தார்கள், விக்கிரகமாக வணங்கிய கன்றுக்குட்டியும் செய்தார்கள்.

படி 7: வாரத்தைக் கர்த்தருக்கு முன்பாக ஒழுங்குபடுத்துங்கள்

உலகத்தின் சத்தம் நாள் முழுவதும் காதில் விழுகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரப் பிரசங்கம் மட்டும் அதற்கு ஈடாகாது. சுமார் கி.பி. 112-இல் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, தான் விசாரித்த கிறிஸ்தவர்களைப் பற்றி ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். குறிப்பிட்ட நாளில் விடியும் முன்னே கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தர மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்களை எதிரியாகப் பார்த்த ஓர் அதிகாரி எழுதியது இது. பேரரசரின் சிலைக்கு முன் தூபமும் திராட்சரசமும் வைத்துக் கிறிஸ்துவைத் தூஷிக்க வேண்டும் என்பது அவர் வைத்த சோதனை. உண்மையான கிறிஸ்தவர்களை அப்படிச் செய்ய வைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாகவும் எழுதுகிறார்.

அவர்களிடம் இருந்த பழக்கங்கள்தான் உங்களுக்கும் வேண்டும். காலையில் போனைத் தொடும் முன் ஒரு சங்கீதமும் சுவிசேஷத்தில் ஒரு பகுதியும் வாசியுங்கள். பதினைந்து நிமிடம் போதும். சபைகூடுதலை விடாதீர்கள். திருவிருந்தை அவசரமாக எடுக்காதீர்கள். வருமானத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கு என்று மாதத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள். பொருளாசைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. உங்களைத் தைரியமாகக் கண்டிக்கக்கூடிய ஒருவரோடு வாரம் ஒருமுறை பேசுங்கள், அந்த ஏழு நாள் நோட்டையும் அவரிடம் காட்டுங்கள்.

படி 8: சபைக்குள் வந்துவிட்ட உலகத்தையும் பாருங்கள்

இதைப் புது விசுவாசிகளிடம் சொல்லப் பலரும் தயங்குகிறார்கள். நான் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் சபைக்குள் பார்ப்பதை எல்லாம் சுவிசேஷம் என்று எடுத்துக்கொள்ளும் பருவத்தில் இருக்கிறீர்கள்.

பொன்மோதிரம் போட்டவர் வந்தால் நல்ல இடம், கந்தை கட்டியவர் வந்தால் 'அங்கே நில்' என்று சொல்லும் சபையைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்தியோகியாவில் பேதுரு முதலில் புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து எழுந்து விலகினார். பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதே சுவிசேஷத்தின் சத்தியத்தைச் சேர்ந்த காரியம் என்று கலாத்தியர் 2-இல் எழுதுகிறார். பிறப்பையும் குலத்தையும் இனத்தையும் பார்த்து மனிதரைப் பிரிக்கும் பழக்கம் உலகத்திலிருந்து வந்தது. அது ஜெபத்தோடும் பாட்டோடும் சபைக்குள் தொடர்ந்தால், வெளியே எந்தச் சடங்கை மறுத்தும் பயனில்லை.

பெரிய அளவில் இது எப்படி நடந்தது என்பதற்கு ஜெர்மனி சாட்சி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு, தேசத்தையும் இனத்தையும் சுவிசேஷத்தோடு கலந்து பிரசங்கித்த ஓர் இயக்கம் புராட்டஸ்டண்ட் சபைகளுக்குள் பலமாக வளர்ந்தது. யூத வம்சத்தில் பிறந்த ஊழியர்களை நீக்கும் விதி சபைக்குள்ளேயே வந்தது. 1934 மே மாத இறுதியில் பார்மன் என்ற இடத்தில் கூடிய சபைப் பிரதிநிதிகள், வேதத்தில் நமக்குச் சாட்சி கொடுக்கப்பட்ட இயேசு கிறிஸ்துவே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை என்று அறிக்கை செய்தார்கள். அந்த அறிக்கையும் யூதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது. அத்தனை உறுதியாக நின்றவர்களின் கண்ணுக்கும் ஒரு பகுதி தெரியவில்லை.

ஆகவே பிரசங்கம் கேட்கும்போது கவனியுங்கள். இயேசுவிடம் வந்தால் செல்வம் நிச்சயம் என்று சொல்கிறார்களா? சிலுவையைச் சுமப்பது பற்றி ஒருபோதும் பேச்சே வருவதில்லையா? ஊழியரைக் கேள்வி கேட்பதே பாவம் என்கிறார்களா? அந்நியரையும் எதிரியையும் வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறார்களா? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டப்பட்டார்கள். நீங்களும் பணிவோடு ஆராயலாம். ஒரு சபையில் குறை கண்டவுடனே ஓடிவிட வேண்டாம். ஆனால் சுவிசேஷமே மாற்றிச் சொல்லப்படுகிறது என்றால், வேறு ஆரோக்கியமான சபையைத் தேடுவதில் தப்பில்லை.

படி 9: ஒதுங்கிப் போகாதீர்கள்

தனித்துவம் என்றால் பழைய உறவுகளை எல்லாம் அறுத்துவிடுவது என்று சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்களைக் குடிக்கவோ திருடவோ இழுக்கும் கூட்டத்தை விட்டுக் கொஞ்ச காலம் விலகித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் ஒதுங்க வேண்டாம். சீஷர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி இயேசு ஜெபிக்கவில்லை, தீமையிலிருந்து காக்கும்படியே ஜெபித்தார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார்.

கி.பி. 361 முதல் 363 வரை ஆண்ட ரோமப் பேரரசர் ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டவர். கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளுக்கு மட்டுமல்ல, நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள் என்று தன் பூசாரி ஒருவருக்கு வருத்தத்தோடு எழுதினார். அந்தக் கிறிஸ்தவர்கள் வித்தியாசமானவர்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுத் தட்டில் தெரிந்தது. இந்த வாரம் உங்கள் தெருவில் நோயாளியோ, தனியாக இருக்கும் முதியவரோ, வேலை போனவரோ யார் என்று பாருங்கள். அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் காரணம் கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் அடுத்த வாரமும் போங்கள்.

தடுமாறும்போது

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில இடங்களில் தவறுவீர்கள். பயந்து ஒரு சடங்கில் கும்பிட்டுவிடுவீர்கள், அல்லது தேவையில்லாத இடத்தில் கடுமையாகப் பேசி ஒருவரைப் புண்படுத்திவிடுவீர்கள். இரண்டையும் ஒரே மாதிரி அறிக்கை செய்யுங்கள். முதல் வகையை மட்டும் பாவமாக எண்ணி இரண்டாவதைச் சாட்சி என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. புண்படுத்தியவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், நம்பிக்கையான மூத்த விசுவாசி ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி, அடுத்த முறை அதே சூழ்நிலை வந்தால் என்ன சொல்வது, எங்கே நிற்பது என்று இருவரும் சேர்ந்து முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தானியேலும் போஜனம் மேஜைக்கு வரும் முன்பே தன் இருதயத்தில் தீர்மானித்திருந்தான்.